சுருக்குப்பையில் பதினோரு புளியங்கொட்டை

டாக்குரியா, கல்கத்தா
தை 6

என் அருமை மகள் வித்யாலட்சுமிக்கு அம்மா வனஜா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கார்த்திகையில் அவர் தலையில் ஏறி இன்னும் இறங்காத குரங்குக் குல்லாவும் சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஹரீஷும் சளி இருமல் இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டை விடாமல் நன்றாக இருக்க இலஞ்சிக் குமாரன் துணை நிற்கட்டும். வெளியே இறங்கும்போது காதை மூடிக் குல்லா போட்டுக்கொள், அழகு போய்விடும் என்று பார்க்காதே, உன் அழகை அந்த ஊரில் யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும், வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்த உனக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்க வரும், ஆகையால் அம்மாவும் மகளும் சமம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார். இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அது என்ன என்று இன்று மத்தியானம்தான் தெரிந்தது, வேறு யார் வாயிலிருந்தும் நீ அதைக் கேட்டுவிடக் கூடாது. ஆற அமர முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

கடை நன்றாக நடக்கிறது. பொங்கலுக்கு முறுக்கும் அதிரசமும் நின்ற இடத்தில் தீர்ந்துவிட்டன, டாலிகஞ்சிலிருந்து கூட மெட்ரோ ஏறி வந்து வாங்கிப் போனார்கள். குளிரில் இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது, அதனால் மாவு வாளிக்கு உன் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருக்கிறேன். ஸ்வெட்டர் போட்ட வாளியையும் குல்லா போட்ட உன் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, மாடிவீட்டு சர்பானி பௌதி இதில் எது வனஜாவின் புருஷன் என்று கேட்கிறாள். நல்ல அண்டை வீட்டுக்காரி அவள், இருபது வருஷமாக என் பகடிக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்குப் பேசியபோது நீ மாப்பிள்ளையைக் குறை சொன்னாயே, எதையும் பத்துத் தடவை சொன்னால்தான் அவர் காதில் விழுகிறது, நானாகச் சொல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, நீயும் அப்பாவும் முப்பத்து மூன்று வருஷம் எப்படிம்மா ஓட்டினீர்கள் என்று. அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்து ஓட்டவில்லை. முதுகு அரித்தால் நான் திரும்பி உட்காருவேன், அவ்வளவுதான். முதல் ஏழெட்டு வருஷம் மேலே, இன்னும் மேலே, இடது பக்கம், ஐயோ அது வலது என்று ரிக்ஷாக்காரருக்குச் சொல்வது போல வழி சொன்னேன். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் கை நேரே இடத்துக்குப் போய்விடும், சில நாள் அரிப்பு வரும் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். நான் குளித்துவிட்டுத் துண்டை மறந்தேன் என்று கூப்பிட வாயெடுத்தால் துண்டு கதவில் தொங்கும். காப்பியைப் பாதி குடித்ததும் டம்ளரை மாற்றிக்கொள்வோம், யார் டம்ளரில் சர்க்கரை கூட என்று ஆரம்பித்த சண்டை அது, சண்டை போய் மாற்றுவது மட்டும் மிச்சம். முறுக்கு பிழிந்து என் பெருவிரல் வீங்கிக் கிடந்தால் பேப்பர் படித்துக்கொண்டே அந்த விரலைத் தேடிப் பிடித்து அமுக்குவார், கண் பேப்பரிலேயே இருக்கும். என் கம்மல் திருகாணி கழன்று விழுந்துவிடும் என்று தினமும் காது மடலைப் பிடித்து, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல ஒரு திருகு திருகிவிடுவார். அப்போது நான் கிர்ர் என்று சத்தம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் காதை விட மாட்டார். நீ சின்னப் பிள்ளையில் எங்கம்மா காதுக்குள் ரேடியோ இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கினாயே, அதே திருகல்தான், இன்னும் நடக்கிறது.

இனிமேல்தான் விஷயம். துர்கா பூஜை முடிந்து தெருவில் பந்தல் பிரித்த வாரம். நான் அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைப்பக்கம் வருகிறேன், பின்பக்கத்துக் கிரில் கேட்டைப் பூட்டியாயிற்றா என்று கேட்க. வாய் திறக்கவில்லை. உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பூட்டியாச்சு என்றார். எனக்குச் சிரிப்பு. மறுநாள் நீ பேசினாயா என்று கேட்க வருகிறேன், வித்யா பேசிட்டா, நல்லாருக்காளாம் என்றார். இன்னொரு நாள் ஊரில் என் அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தால், இப்போ தேவலையாம், கஞ்சி குடிச்சாளாம் என்கிறார். உங்கள் பேரிலேயே செங்கோட்டை வாஞ்சிநாத சுவாமிகள், இங்கே குறி சொல்லப்படும் என்று கடை வாசலில் போர்டு மாட்டிவிடலாம் என்றேன். அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை. போகப் போக அது இன்னும் முன்னால் போயிற்று. முதலில் நான் வாய் திறக்கும் நேரத்துக்கு வந்த பதில், பிறகு நிலைப்படியிலேயே வந்தது, அதற்கும் பிறகு அடுப்படியில் நான் முக்காலியை விட்டு எழுந்த சத்தத்துக்கே வந்தது. வித்யா, சில நாள் நான் எதைக் கேட்க எழுந்தேன் என்று எனக்கே தெரியாமல் நிற்பேன், அவர் பதில் காதில் விழும், ஓகோ இதைத்தான் கேட்க வந்தேன் போல என்று அந்தப் பதிலைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். அடுப்பு பக்கத்திலேயே நின்றாலும் அப்போது உடம்பு ஜில்லென்று ஆகிவிடும்.

இந்த ஆளை ஒரு நாள் மடக்கிப் பார்க்க வேண்டும் என்று மார்கழியில் தோன்றியது. முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அவரிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று அவருடைய புதுச் செருப்பு காணாமல் போயிற்று. ஒரு மணி நேரம் ஊரே தேடியது, கடைசியில் மாப்பிள்ளை வெறுங்காலோடு பஸ் ஏறினார். அதை ஒளித்தது நான்தான். இவருக்குக் கோபம் வருமா வராதா என்று பார்க்க, கிணற்றடிச் செப்புப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். கோபம் வரவில்லை, கல்லும் முள்ளும் குத்த என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார், அன்றைக்கே நான் தோற்றுப்போனேன். இதை என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்குக் கேட்கிறேன், உங்கள் செருப்பை எடுத்தது யார் என்று, சுவாமிகள் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று முறுக்கு அச்சைக் கையில் பிடித்தபடியே கடைக்கு வந்தேன். அவர் தராசிலிருந்து தலை தூக்காமல், செருப்பை ஒளிச்சது நீதான், கிணத்தடிச் செப்புப் பானைக்குள்ள என்று சொல்லிச் சிரித்தார். மாவு வாங்க நின்ற சர்பானி பௌதியும் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது வித்யா. ஜுதோ, ஜுதோ என்று தன் கால் செருப்பைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். நான் அச்சைக் கீழே போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் உன் அப்பா மட்டும் இல்லை, ஊரே எனக்கு முன்னால் ஓடுகிறது. என் பகடி முடியும் முன்னாலேயே பௌதியின் முகத்தில் சிரிப்பு தயாராக வந்து நிற்கிறது, சிரித்த கையோடு என் கையை ஏனோ ஒரு தடவை அழுத்துகிறாள். கரியாஹாட்டில் ஆரஞ்சு விற்கிறவர், புளிக்குமா என்று நான் கேட்கும் முன், நேத்து நீங்களே தின்னு பார்த்துத்தானே வாங்கினீங்க மாஷிமா என்கிறார். நேற்று நான் கரியாஹாட் பக்கமே போகவில்லை. பொங்கலன்று நீ போனில் என்ன செய்தாய் தெரியுமா, நான் ஹலோ மட்டும்தான் சொன்னேன், நீ உடனே, சரிம்மா குல்லா போட்டுக்கறேன் என்றாய். அன்றைக்கு எனக்கு ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது, பட்டப்பகலில் கூடப் போகவில்லை. என்னைப் போல ஒருத்தி எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள், என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் கேள்வியையெல்லாம் கேட்டு, என் பகடியையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு. நான் எங்கே போனாலும் அது அவள் வந்துவிட்டுப் போன இடம். என் புருஷனும் என் மகளும் அவளுக்குத்தான் பதில் சொல்கிறார்கள், நான் பின்னால் வந்து அந்தப் பதிலைப் பொறுக்கிக்கொள்கிறேன். எனக்கு அவள்மேல் பொறாமைகூட வந்தது, சிரிக்காதே.

இவளைப் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நான் நோட்டில் எழுதி வைக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும், முறுக்கு ஓர் ஈடு எடுத்தால் டப்பாவிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பேன், எத்தனை ஈடு போட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. இன்று காலை ஏழு மணியிலிருந்து அதையே செய்தேன். அவரிடம் ஒன்று கேட்கத் தோன்றி எழுந்தால், முதலில் ஒரு கொட்டையை எடுத்து இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையில் போட வேண்டும், அப்புறம்தான் கடைப்பக்கம் போக வேண்டும். ஒன்றரை மணிக்கு ஷட்டரை இறக்கினோம். நான் எழுந்து போனது ரெண்டே தடவை, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உளுந்து மூட்டை வந்ததா என்று ஒன்று, நீ பேசினாயா என்று ஒன்று. கட்டிலில் உட்கார்ந்து சுருக்குப்பையைக் கவிழ்த்தேன். பதினொன்று விழுந்தது. மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். இது உன் அப்பாவின் விளையாட்டு என்று நினைத்தேன், ஆனால் என் இடுப்பில் இருந்த பைக்குள் என் கையைத் தவிர யார் கை போகும். விரலை முகர்ந்து பார்த்தேன். ஐந்து விரல் நுனியிலும் பழம்புளி வாசனை, ரெண்டு கொட்டை எடுத்த கைக்கு அவ்வளவு வாசனை வராது. அந்த வாசனையில்தான் எனக்குப் பிடிபட்டது. முன்னால் நடந்து போகிறவளும் நான்தான். அவர் ஒன்றும் முன்கூட்டித் தெரிந்து சொல்லவில்லை. நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார், நான் மறந்துவிட்டு மறுபடி எழுந்து வருகிறேன்.

அவர் பின்பக்கத்து வெயிலில் உட்கார்ந்து எனக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுவாமிகளின் வேஷம் கலைந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டைகளை அவர் மடியில் தோலோடு தோலாகக் கொட்டினேன். அவர் எண்ணவில்லை. தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினார், கார்த்திகைக்குப் பிறகு அந்த வழுக்கையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன், ஆவணியிலேருந்து என்றார். செருப்புக் கதையை எத்தனை தடவை சொன்னேன் என்றேன். அதை யாருளா எண்ணினா, பானையைத் தொறந்து காட்டுத எடத்துல நீ ஒரு சிரிப்பு சிரிக்கே பாரு, அதுக்காகவே ஒவ்வொரு தடவையும் கேட்டேன் என்றார். பௌதிக்கும் நானே வங்காளத்தில் நடித்துக் காட்டியிருக்கிறேனாம். அதெல்லாம் சரி, நான் கேட்கும் முன் ஏன் முந்திக்கொண்டீர்கள் என்றேன். ஒரு சுளையை நார் உரித்து என் கையில் வைத்தார். சில கேள்வி கேக்கும்போது ஒன் மொகத்துல ஒரு பயம் வருது வனஜா, அது வாரதுக்குள்ள சொல்லிப்புடுவேன் என்றார். நாளைக்கே டாக்டரிடம் போய்விடுவோம் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து போய் அலமாரியில் பேப்பருக்கு அடியிலிருந்து ஒரு பைலை எடுத்து வந்தார். மூன்று தடவை போய்விட்டு வந்திருக்கிறோம் வித்யா. காலையில் கால்சியம் என்று கொடுக்கிற மாத்திரை கால்சியம் இல்லையாம். அந்த பைலில் ஒரு தாள், டாக்டர் என்னை ஒரு கடிகாரம் வரையச் சொன்னாராம். வட்டம் இருக்கிறது, எண்களெல்லாம் பஸ்ஸில் ஒரு பக்கமாகவே ஆள் தொங்குவது போல வலது பக்கம் சரிந்து கிடக்கின்றன. நடுவில் மீசை. கடிகாரத்துக்கு மீசை வரைகிற பைத்தியம் என்னைத் தவிர யார் இருப்பார்கள், ஆகவே அது என் கைதான். ஆனால் அந்த டாக்டர், அந்த அறை, அந்தப் பென்சில், ஒன்றுமே என்னிடம் இல்லை. என் மீசை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டைகளை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ரெண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து மறுபடி தெரிந்துகொள்கிறேன். மெதுவாகத்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். என்னை நினைத்து அழாதே, எனக்கு எல்லாமே புதுசு. உன் அப்பாவுக்குத்தான் எல்லாம் பழசு, அவரிடம் தனியாகப் பேசு, அவர் கடையில் இருக்கும்போது பேசு. ஆவணியில் வருகிறேன் என்றாயே, முடிந்தால் பங்குனியிலேயே வா, நான் சரியாகப் பகடி செய்யும்போதே வந்து சிரித்துவிட்டுப் போ. மாப்பிள்ளையிடம் இனிமேல் இதை எத்தனை தடவை சொல்வது என்று கத்தாதே. பத்துத் தடவை சொல்லு, பதினோராவது தடவையும் சொல்லு. உன் முதுகில் எந்த இடம் என்று இப்போதே சொல்லிக் கொடுத்து வை.

இவ்வளவும் எழுதி முடித்துக் கவர் கேட்கலாம் என்று எழுந்தேன். நாற்காலி சத்தம் கேட்டதும் வெயிலிலிருந்து குரல் வந்தது, கவர் அலமாரிமேல இருக்கு, ஸ்டாம்பு ஒட்டியாச்சு என்று. போய்ப் பார்த்தேன். உன் விலாசம் அவர் கையெழுத்தில், மை எப்போதோ காய்ந்திருந்தது. அதற்கு அடியில் இன்னும் நாலு கவர், நாலிலும் உன் விலாசம். கவரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கத்து நிலைப்படிக்குப் போனேன், நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், இதுதாம்ளா மொதல் கடுதாசி என்றார். பக்கத்தில் உட்கார்ந்து காதை நீட்டினேன். திருகினார். கிர்ர் என்றேன்.

நீயும் ஹரீஷும் நூறு வயசு வரைக்கும் ஒருவர் டம்ளரை ஒருவர் குடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமாரனை வேண்டிக்கொள்கிறேன். வெளியே இறங்கும்போது காதை மூடிக் குல்லா போட்டுக்கொள், இதை மேலே எழுதிவிட்டேனா தெரியாது, திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இந்தக் கவருக்குள் ஒரு புளியங்கொட்டை போட்டிருக்கிறேன், பத்திரமாக எடுத்து வை. உன்னிடம் முன்பே கொட்டைகள் இருந்தால் அதோடு சேர்த்து வை, எத்தனை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, உன் அப்பாவைப் போல இந்தக் கடிதத்தையும் முதல் தடவையாகவே படி.

என்றும் உன் பகடிக்கார அம்மா,
வா. வனஜா